அழித்துத் திரும்ப வரைந்தால் அது அசலா, நகலா?

மாட்டுங்கா வாசகி:
பெர்லின் சுவரில் இரண்டு கிழவர்கள் உதட்டோடு உதடு வைத்து முத்தமிடும் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்கோவில் பிறந்த திமித்ரி விரூபெல் வரைந்தது. ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் மகள் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். 1990இல் வரைந்ததை 2009இல் அழித்துவிட்டார்களாம். இப்போது இருப்பது நகல்தான் என்கிறாள். வரைந்தவரே மறுபடி வரைந்தால் அது எப்படி நகலாகும் என்று நான் கேட்கிறேன். வீட்டில் தினமும் இதே வழக்கு. யாராவது தீர்த்துவையுங்கள்.

சயான் பெயின்டர்:
அம்மா, இந்த மும்பையில் சினிமா பேனரும் கடைப் பலகையும் எழுதியே பிழைத்தவன் நான். தொழில்காரனாகச் சொல்கிறேன். விரூபெல் வரைந்ததே ஒரு புகைப்படத்தைப் பார்த்துத்தான். 1979இல் கிழக்கு ஜெர்மனியின் 30ஆம் ஆண்டு விழாவுக்கு வந்த சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் அந்நாட்டுத் தலைவர் ஹோனெக்கரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர்களுக்குள் அது ஒரு மரியாதை. ரெஜிஸ் போசு என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் படமெடுத்தார். நாங்களும் நடிகரின் ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் முகத்தைப் பெரிதாக்குவோம். ஆனால் விரூபெல் முகங்களோடு ஒரு வரியையும் எழுதினார்: "கடவுளே, இந்தக் கொல்லும் காதலிலிருந்து நான் பிழைக்க உதவு." மரியாதை முத்தம் அந்த வரியால்தான் மூச்சுமுட்டும் முத்தமாயிற்று. எங்களில் யாருக்கும் அது தோன்றியிராது.

அந்தச் சுவர் சாலையோரத்தில் நிற்கிறது. புகை, பனி, போதாததற்குப் போகிறவர் வருகிறவர் கிறுக்கும் பெயர்கள். தெருவில் வரைந்தால் திரும்ப வரையத்தான் வேண்டும். மும்பை மழை எனக்குக் கற்றுத்தந்தது அது. அதே கை, அதே இடம், முன்பைவிட நீண்ட நாள் உழைக்கும் பெயின்ட். என் கணக்கில் அசல்.

செம்பூர்க்காரன்:
ஐயா, பெயின்ட் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் 1990ஐ விட்டுவிட்டீர்கள். பெர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த அந்தச் சுவரின் மேற்குப் பக்கம் ஏற்கெனவே கிறுக்கல்களால் நிறைந்திருந்தது. கிழக்குப் பக்கத்தை அதுவரை சாதாரண மக்கள் நெருங்கவே முடியாது. சுவர் விழுந்த சில மாதங்களில், அந்த வெற்றுப் பக்கத்தில் 1.3 கிலோமீட்டருக்குப் பல நாட்டு ஓவியர்கள் வரைந்தார்கள். ஹோனெக்கர் பதவி இழந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2009இல் அதே படம் கோப்பையிலும் சட்டையிலும் விற்கிற சுற்றுலாச் சரக்கு. அந்தக் கோபத்தை எந்த டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுவது? சில ஓவியர்கள் திரும்ப வரைய மறுத்தேவிட்டார்கள். மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சயான் பெயின்டர்:
மறுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, தம்பி. விரூபெல் வரைந்தார், கூலியாகக் கிடைத்த 3,000 யூரோவை பெர்லினின் மார்சான் பகுதியில் நடந்த ஒரு சமூகக் கலைத் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். கோபம் ஆறிய ஆள் காசைத்தானே வைத்துக்கொண்டிருப்பார்? 2022 ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டார். இனி அந்தச் சுவர் உரிந்து வேறு யாராவது வரைந்தால், அதை நகல் என்று சொல்லட்டும். நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டுங்கா வாசகி:
படத்தின் கீழே 1990, 2009 இரண்டையும் போடச் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தாள். ஐயா, நீங்கள் எழுதிய பேனர்களின் புகைப்படம் இருந்தால் இங்கே போடுங்கள். மகள் பார்க்க ஆசைப்படுகிறாள்.