புதுப்பிப்பு: பிரேசில் சிறைகளில் புத்தகம் படித்தால் தண்டனைக் குறைப்பு

கைதி ஒரு நூல் படித்தால் தண்டனையில் 4 நாள் குறையும், ஆண்டுக்கு 12 நூல் வரை, ஆக 48 நாள் என்று முன்பு எழுதியிருந்தேன். "எழுத்தறிவே இல்லாதவர் என்ன செய்வார்?" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

2021இல் அந்நாட்டின் தேசிய நீதிக் குழு (நீதித்துறையைக் கண்காணிக்கும் அமைப்பு) பிறப்பித்த தீர்மானத்தில் இதற்கு வழி இருக்கிறது. நூலகத்தில் நூலை எடுத்த நாளிலிருந்து படிக்க 21 முதல் 30 நாள் வரை அவகாசம். பிறகு 10 நாளுக்குள் படித்ததைப் பற்றி அறிக்கை தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம், படமாக வரைந்தும் காட்டலாம். சக கைதி படித்துக் காட்டலாம், ஒலிநூலும் கேட்கலாம். இன்ன நூல்தான் படிக்க வேண்டும் என்று பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தவும் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வேலைக்கும் படிப்புக்கும் தனிக் கணக்கு: 3 நாள் உழைத்தால் 1 நாள் கழியும், குறைந்தது 3 நாளில் பரவிய 12 மணி நேரப் படிப்புக்கும் 1 நாள். சிறையிலேயே பள்ளிக் கல்வியின் ஒரு கட்டத்தை முடித்தால், படிப்பால் சேர்த்த நாள்களோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும்.

நன்னடத்தை தவறினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு: கடுமையான விதிமீறல் செய்தால், சேர்த்த நாள்களில் மூன்றில் ஒரு பங்கு வரை நீதிபதி ரத்து செய்யலாம். முழுவதையும் பறிக்க முடியாது.