கள்ளத்தோணி என்ற சொல்: சேரம்பாடியில் ஒரு தாத்தா சொன்னது

நீலகிரி மலையில் இருக்கும் சேரம்பாடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களைச் சந்தித்த அனுபவம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் அது அபூர்வமான விஷயமே இல்லை. பந்தலூர், கூடலூர், கோத்தகிரி, எங்கே திரும்பினாலும் சிலோனிலிருந்து வந்த குடும்பம் இருக்கும். 1968-இல் அரசாங்கம் இந்த மலையில் தேயிலை போட ஆரம்பித்ததே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான், அதுதான் இப்போதைய டேன்டீ, அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அப்படி வந்தவர். எதையும் வாய் திறந்து சொல்லாமலே போய்விட்டார். அதனால் யாராவது பேச ஆரம்பித்தால் நான் கை வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பேன்.

போன ஐப்பசி மழையில் ஒரு பெரியவர் வந்தார், 73 வயது. உரச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டிருந்தார், கையில் பழைய பிஸ்கட் டப்பா. அதை மேசையில் வைத்ததும் முதலில் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார், அப்புறம்தான் திறந்தார். உள்ளே ஓரம் கரைந்துபோன ஒரு இந்திய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, நாலாக மடித்த ஒரு தாள். பாஸ்போர்ட்டில் 22 வயதுப் பையனாக அவரே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கள்ளத்தோணி இல்ல தம்பி, முறையா வந்தவன்” என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லை.

அந்தச் சொல் அவரை எவ்வளவு அறுத்திருக்கிறது என்பது பேசப் பேசத்தான் தெரிந்தது. அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்துக்காரர். தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி பின்னால் போனவர். பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது, எஸ்டேட் நம்பர் அடித்த தகர வில்லை ஒன்று கழுத்தில். வெள்ளைக்காரனே கூட்டிக்கொண்டு போன ஆட்களைத்தான் பிற்பாடு அங்கே கள்ளத்தோணி என்றார்கள். 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தில் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். “சந்தையில மாட்டைக்கூட பல்லைப் புடிச்சுப் பார்த்துட்டுத்தான் பேரம் பேசுவாங்க தம்பி, எங்களை யாரும் ஏறிட்டே பார்க்கல” என்றார்.

அவர் வந்தது அதே 1974-இல். ஹட்டனில் கோச்சி, அதாவது ரயில், ஏறி தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேராம். ஸ்டேஷனில் ரயில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிய தங்கச்சியைப் பற்றிச் சொல்லும்போது பேச்சை நிறுத்திவிட்டார். நான் தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னேன். அவர்கள் வீட்டுச் சொல் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்டதும் நிமிர்ந்து சிரித்தார்.

தங்கச்சிக்கு 1972-இலேயே கல்யாணம். மாப்பிள்ளை வீடு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த வீடு. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வவுனியாவுக்குப் போனார்கள். 1990-இல் அங்கேயும் இருக்க முடியாமல், இரண்டு பிள்ளைகளோடு மன்னாரில் படகு ஏறி இந்தக் கரையில் இறங்கினார்கள். இவர் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் கேட்ட கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை என்றார். “முறைப்படி வந்திருக்கலாமே புள்ளேன்னு கேட்டுட்டேன் தம்பி. எந்த ஆபீஸ்ல போய் நிக்கிறது அண்ணே, ஆபீஸே எரிஞ்சு கெடக்குன்னா.” கப்பலும் 1984-லேயே நின்று போயிருந்தது. வரிசையில் நின்று வருவதற்கு வரிசை என்று ஒன்று இருந்தால்தானே?

தோட்டத்து லைன் வீடான ஒரே லயத்தில், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அண்ணன் ஓட்டுப் போடுகிறார். தங்கச்சி, சட்டத்தின் கண்ணில், சட்டவிரோதமாகக் குடியேறியவர். 35 வருஷமாக பவானிசாகர் அகதி முகாமில், ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் செக்கிங்குக்குக் கையெழுத்துப் போடுகிறார். முகாமிலேயே 1993-இல் பிறந்த கடைசிப் பெண்ணுக்கும் குடியுரிமை இல்லை. 1987 ஜூலைக்கு முன் பிறந்திருந்தால் இந்த மண்ணில் பிறந்ததே போதும், அதற்குப் பின் என்றால் பெற்றவர்களில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம் மிச்சமிருந்த கதவையும் மூடியது, 2019 திருத்தத்தில் இலங்கையே இல்லை. இதையெல்லாம் நான் படித்துச் சொல்லவில்லை, அவர் விரல் விட்டுச் சொன்னார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். முகாமில் இருந்த தங்கச்சி மகன் 2012-இல் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏறப் பார்த்திருக்கிறான். இவர் போய்ச் சத்தம் போட்டுத் தடுத்திருக்கிறார். “உசுருக்குப் பயந்து ஏறுறது வேற, ஏஜெண்டு பேச்சைக் கேட்டு ஏறுறது வேற. ரெண்டாவதுதான் கள்ளத்தோணி.” இதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. படித்த பையன், பாஸ்போர்ட் எடுக்க வழியில்லை, அரசு வேலைக்கு எழுதிப் போட முடியாது, ராத்திரி வெளியூரில் தங்கக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்றால் அவன் எதற்குப் பயந்து ஓடுகிறான் என்று கேட்டேன். வெகுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவனும் இதைத்தான் கேட்டான்” என்றார்.

முறையாக வந்தவருக்கும் இங்கே என்ன வாழ்ந்தது என்றால், வீடு இருப்பது கூடலூர் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலம், இன்னும் பட்டா இல்லை. பேத்தியின் சாதிச் சான்றிதழுக்குப் போன இடத்தில் ஒருவர் “நீங்க சிலோன்தானே” என்று கேட்டாராம், 50 வருஷம் கழித்து.

சரி, வந்த விஷயம் அந்த மடித்த தாள். 1970-இல் அப்பா இந்தியக் குடியுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். நாலாவது பெயர் தங்கச்சி, வயது 16. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தாள் அவளுக்கு உதவுமா தம்பி என்று கேட்டார். வக்கீலிடம் காட்டலாம் என்றேன், தெரிந்த ஒருவரின் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். இப்படிப்பட்ட பழைய விண்ணப்ப நகலை வைத்து யாராவது மனு போட்டிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், அவரிடம் சொல்கிறேன்.

லேமினேட் பண்ணித் தரச் சொன்னார். வேண்டாம், சூட்டில் எழுத்து போய்விடும், கோர்ட்டில் இந்தப் பழைய தாளையே தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள் என்று சொல்லி பிளாஸ்டிக் உறையில் போட்டு மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நகலை மட்டும் டப்பாவில் வைக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை பவானிசாகர் போகிறாராம், தங்கச்சிக்கு டீத்தூளும் கொண்டு போகிறாராம்.