'மயிர் மரபணு அடையாளம்' பொருந்துமா?

> அறிபுனைப் படங்களில் ஒரு முடியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 'மயிர் மரபணு அடையாளம்' என்று வைத்திருக்கிறேன். சரியா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

'மயிர்' எனக்கு உறுத்தவில்லை. மயிரிழையில் தப்பினான் என்று எல்லாப் பத்திரிகையும்தான் எழுதுகிறது. சிக்கல் மற்ற இரண்டு சொற்களில்.

மரபணு என்றால் ஜீன். ஆளை அடையாளம் காணும் சோதனையில் பார்ப்பது புரதம் செய்யக் குறிப்புத் தராத பகுதிகளில், டி.என்.ஏ. எழுத்துகளின் ஒரு சின்னக் கோவை அடுத்தடுத்து வரும் இடங்களை. ஓரிடத்தில் அது உங்களுக்கு 9 தடவை வரும், எனக்கு 12 தடவை வரும். அமெரிக்காவில் 2017 முதல் இப்படி 20 இடங்களை எண்ணுகிறார்கள். ஆகவே டி.என்.ஏ. என்றே இருக்கட்டும்.

'அடையாளம்' அதைவிட வம்பு. எங்கள் திருத்தணி மலையில் மொட்டை போடுகிற இடத்தில் நின்று பாருங்கள். நனைத்த தலையில் கத்தி ஓடுகிறது, முடி கற்றை கற்றையாக விழுகிறது. அதில் ஓரிழையிலும் வேர் கிடையாது. மயிர்த்தண்டு செத்த செல்களால் ஆனது. அது இறுகும்போதே உட்கருவில் இருந்த டி.என்.ஏ. சிதைந்து துணுக்குகளாகிவிடுகிறது. அந்த 20 இடங்களை எண்ண அது பொதுவாகப் போதாது.

சீப்பில் வரும் முடி? என் மகள் தினமும் காலையில் அதைத் தூக்கிப் பிடித்து, "வேரோட போச்சுப்பா" என்று அழாத குறைதான். நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளை முண்டு. அது உயிருள்ள வேர் இல்லை, வளர்ந்து முடித்துத் தானாகக் கழன்ற முடியின் காய்ந்த அடி. அதிலும் உட்கரு டி.என்.ஏ. சொற்பம்தான். வலிக்கப் பிடுங்கினால் பசை மாதிரி உறை ஒட்டிக்கொண்டு வரும். நல்ல சரக்கு அதில்தான்.

தண்டில் தாக்குப்பிடிப்பது உட்கருவுக்கு வெளியே, இழைமணியில் (மைட்டோகாண்ட்ரியாவில்) இருக்கும் டி.என்.ஏ. செல்லுக்கு நூற்றுக்கணக்கில் படிகள் இருப்பதால் சில தப்பிவிடுகின்றன. ஆனால் அது தாயிடமிருந்து மட்டுமே வருவது. அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி, தாய்மாமா, அம்மாவின் அக்கா பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே இருக்கும்.

இப்போது 1997-இல் வந்த 'கட்டாக்கா' படத்துக்கு வாருங்கள். உதிர்ந்த ஓர் இமைமுடியை வைத்து நாயகனைத் துரத்துகிறார்கள். துரத்தும் அதிகாரி அவனுடைய கூடப்பிறந்த தம்பி. (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) இருவருக்கும் ஒரே அம்மா. இன்றைய ஆய்வகத்தில் அந்த இமைமுடியிலிருந்து இழைமணி டி.என்.ஏ. மட்டும் கிடைத்திருந்தால், சந்தேகம் தம்பி மேலும் சமமாக விழும்! எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனாலும் இந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

அதனால் என் பரிந்துரை: வேருள்ள முடியில் கிடைப்பது 'ஆள்தடம்', வேரற்றதில் கிடைப்பது 'தாய்த்தடம்'. தானாக விழுந்தது 'உதிர்முடி'.

– திருத்தணியிலிருந்து

அண்ணா, வணக்கம். நகரியில் இருந்து எழுதுகிறேன். இங்கே மொட்டை முடிக்குத் தெலுங்கில் தலநீலாலு என்பார்கள், என்ன அழகான சொல்! எனக்கு இரண்டு ஐயங்கள். 'தாய்த்தடம்' என்றால் அம்மாவே வந்து விட்டுப்போன தடம் மாதிரி இல்லையா? அப்புறம், கலிஃபோர்னியாவில் எட் கிரீன் என்ற டி.என்.ஏ. ஆய்வாளர் வேரில்லாத முடியிலிருந்தே உட்கரு டி.என்.ஏ.வைப் படித்ததாக 2019-இல் செய்தி வந்ததே. அப்படியானால் உங்கள் பிரிவினை நிற்குமா?

தம்பி, முதல் ஐயம் சரி. 'தாய்வழித்தடம்' என்று மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டாவதில் பாதி சரி. அவர் எண்ணுவது அந்த 20 இடங்களை அல்ல. பொடிப்பொடியான துணுக்குகளைக் கோத்து, ஓரெழுத்து மாறும் இடங்களைத் தேடுகிறார். பழைய எலும்புகளைப் படிக்கும் கலையில் வந்தவர் அவர். படத்தில் காட்டுவது போல முடியைக் கொடுத்துவிட்டு நின்றபடி முடிவை வாங்கும் வேலை இல்லை. ஆனால் வேரை வைத்துப் பிரித்தது என் தவறு. எந்த டி.என்.ஏ. கிடைத்தது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். உட்கருவிலிருந்து வந்தால், முடிக்கு வேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள்தடம். இழைமணியிலிருந்து வந்தால் தாய்வழித்தடம்.

கேட்ட ஐயா கட்டுரையில் இப்படி எழுதலாம்: "இமைமுடியில் கிடைத்த தாய்வழித்தடம் அண்ணன், தம்பி இருவருக்கும் பொருந்தியது." 'உதிர்முடி'க்கு இதுவரை யாரும் மறுப்பு சொல்லவில்லை. அந்த வெள்ளை முண்டுக்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை.