கொரோனா பாசிட்டிவ் வந்த அன்று உடம்பில் ஒன்றுமே இல்லையா? பிறகு என்ன ஆனது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

செவிலியர், சென்னை:
2020 ஜூனில் ஒரு கல்லூரி விடுதியைக் கொரோனா கவனிப்பு மையமாக மாற்றியிருந்தார்கள். எனக்கு அங்கே பணி. வருகிறவர்களில் பலர் தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சேர்க்கைத் தாளில் ‘அறிகுறி இல்லை’ என்று எழுதிவிடுவோம்.

நான்காம் நாள் இரவு, ஓர் அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “ரசத்தில் பெருங்காயமே போடவில்லையே” என்று குறைபட்டுக்கொண்டார். அதே அறையில் மற்ற ஐந்து பேரும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். சோப்பை எடுத்து மூக்கருகில் நீட்டினேன். அதுவும் தெரியவில்லை. மறுநாள் மாலை 101 டிகிரி காய்ச்சல். மத்திய சுகாதாரத் துறை வாசனை இழப்பை அறிகுறிப் பட்டியலில் சேர்த்ததே அந்த ஜூன் மாதத்தில்தான். ஒரு மாதம் முன்பென்றால் நானும் சமையல்காரரைத்தான் கேட்டிருப்பேன்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 2020 மார்ச்சில் எடுத்த கணக்கைப் பிறகுதான் படித்தேன். பரிசோதித்த அன்று அறிகுறியே இல்லாத 27 பேரில் 24 பேருக்குப் பின்னர் அறிகுறி வந்துவிட்டது. அவர்கள் எல்லாம் அறிகுறிக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். மிச்சம் மூன்றே பேர். முதியவர்கள் என்பதால் அப்படி இருக்கலாம். எங்கள் மையத்து இளைஞர்களில் கடைசிவரை கேரம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

குடும்பத் தலைவி, திருச்சி:
எனக்கும் கணவருக்கும் ஒரே திங்கட்கிழமையில் பரிசோதனை செய்தார்கள், இருவருக்கும் பாசிட்டிவ். அவருக்குச் செவ்வாய் இரவே குளிரும் உடம்புவலியும். எனக்குப் பதினான்கு நாளும் ஒரு தும்மல்கூட இல்லை. ஞாயிறன்று நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம். காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்புதான் தொற்று அதிகம் பரவும் என்று சுகாதார ஆய்வாளர் சொன்னபோது, அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்து வயிறு கலங்கியது. நாத்தனாரின் மாமியாருக்கு வந்தது. என்னிடமிருந்தா, அவரிடமிருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. அறிகுறி இல்லாதவர்களாலும் பரவும். ஆனால் சொந்தக்காரர்கள் இன்றுவரை அவரைத்தான் சொல்கிறார்கள், காய்ச்சலில் படுத்தவர் அவர்தானே!

ஆய்வகத் தொழில்நுட்பர், கோவை:
மாதிரிக் குழாயைப் பார்த்து இவருக்கு அறிகுறி இனிமேல் வரும், அவருக்குக் கடைசிவரை வராது என்று சொல்லவே முடியாது. ஆர்டிபிசிஆர் பரிசோதனையில் எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்படுகிறது என்பதுதான் சிடி மதிப்பு. அது குறையக் குறைய வைரஸ் அதிகம் என்று பொருள். ஒரே நாளில் இரண்டு பேருக்கு 33 என்று வந்தது. இருவரும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றவர்கள். மூன்று நாள் கழித்து மறுபடி மாதிரி வந்தபோது ஒருவருக்கு 20, அதற்குள் தொண்டைவலி. இன்னொருவருக்கு நெகட்டிவ். முதலாமவருக்கு வைரஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாமவருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. துருவிக் கேட்டபோதுதான், இரண்டு வாரம் முன்பு “வெயிலில் அலைந்ததால்” இரண்டு நாள் தலைவலி இருந்தது என்றார். அவரை அறிகுறி இல்லாதவர் என்று எழுதியதே தவறு. நோய் வந்து போன பிறகும் ஆர்டிபிசிஆர் சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டும். இந்த மூன்றாம் வகையை யாரும் நினைப்பதே இல்லை. நம் ஊரில் தலைவலியை யார் நோய்க்கணக்கில் சேர்க்கிறார்கள்?

வங்கி ஊழியர், மதுரை:
அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. கடைசிவரை இருமலே இல்லை. ஆனால் சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் புகைமூட்டம் போன்ற திட்டுகள். மருத்துவர் ஆறு நிமிடம் நடக்கவைத்து ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சொன்னார். கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தார். நடப்பதற்கு முன் 97, பின் 96. தினமும் இரண்டு வேளை பத்து நாள், எண்களைக் காலண்டரில் எழுதினேன். 94க்குக் கீழே போகவே இல்லை. அறிகுறி இல்லை என்றால் நுரையீரலில் ஒன்றுமே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு சந்தேகம்: எத்தனை நாள் தாண்டினால் ‘இனி வராது’ என்று நம்பலாம்?

செவிலியர், சென்னை:
தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தொடங்க அப்போது சராசரியாக ஐந்து நாள் ஆனது. பெரும்பாலானோருக்குப் பன்னிரண்டு நாளுக்குள் வந்துவிடும். அதற்காகத்தான் அந்தப் பதினான்கு நாள் கணக்கு. ஒமைக்ரான் வந்த பிறகு இடைவெளி இன்னும் சுருங்கி, மூன்று நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் எந்த நாளில் தொற்றியது என்பது யாருக்குத் தெரியும்? அதனால் பாசிட்டிவ் வந்த நாளிலிருந்தே எண்ணினோம்.

ரசம் அம்மாவைப் பற்றித் தனியே கேட்டவர்களுக்கு: இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, நலமாக வீடு திரும்பினார். தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசினார். மல்லிகை தெரிகிறதாம், பெருங்காயம் இன்னும் பாதிதானாம்.