பர்லியார் ஏற்றத்தில் கார் சூடாகிறது, ஃபேன் மாவு மில் போல இரைகிறது: ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமா?

அருவங்காட்டுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2013 மாடல், சின்ன கார், நான்கு சிலிண்டர் பெட்ரோல், 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குன்னூர் பக்கம் அருவங்காட்டிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவைக் கண் சிகிச்சைக்குக் கோவைக்குக் கூட்டிப் போய் வருகிறேன், அதனால் இந்த வண்டி வழியில் நிற்கவே கூடாது.

பிரச்சினை இதுதான். இறங்கும்போது ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை வரை 80-ல் போனாலும் முள் அசையாது. திரும்பி வரும்போது கல்லாறு தாண்டி குன்னூர் மலைப்பாதையில் ஏற ஆரம்பித்ததும் முள் நடுவை விட்டு மேலே போகிறது, பர்லியாருக்கு மேல் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்து வந்தபோது இரண்டு முறை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அம்மா பின்சீட்டில் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அந்த ஃபேன் சத்தம். முன்பெல்லாம் காது கொடுத்துக் கேட்டால்தான் ஃபேன் ஓடுவது தெரியும். இப்போது மாவு மில் போல இரைகிறது, நிற்கப் போகும் நேரத்தில் கடகடவென்று உரசுகிறது. சாவியை எடுத்த பிறகும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது.

கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்ததைக் காட்டி, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ரேடியேட்டரும் ஜாம், இரண்டையும் மாற்றணும் என்று பெரிய தொகை சொன்னார்கள். இன்னொரு இடத்தில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை) கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, இனிமேல் சூடே ஆகாது என்றார்கள். ஆனாலும் பர்லியாரில் ஆகிறது. இப்போது காலையில் ஊட்டி வரை போனாலும் ஹீட்டரில் சூடான காற்று வருவதில்லை. ரிசர்வ் டேங்கில் தண்ணீர் செம்மண் கரைத்த நிறத்தில் இருக்கிறது. வழியில் கடைகளில் வாங்கி ஊற்றியது எல்லாம் சாதாரணத் தண்ணீர்தான், அது என் தவறு என்று தெரிகிறது.

ரேடியேட்டர் மாற்றியே ஆக வேண்டுமா? அடுத்த பயணத்துக்குப் பத்து நாள் இருக்கிறது.

கூடலூர் டிரைவர்:

நண்பா, மற்றவர்கள் காரணம் சொல்வார்கள், நான் ரோட்டில் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கல்லட்டி 36 கொண்டை ஊசி வளைவும் வருடக்கணக்கில் ஏறியவன். முள் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனையும் முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே வேகும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். மூன்றாவது கியரில் திணறிக்கொண்டு ஏறாதீர்கள். இரண்டாவதில் எஞ்சினைக் கொஞ்சம் சுற்ற விட்டால் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். ஹாஃப் கிளட்சில் நிற்க வேண்டாம், முன்னால் போகும் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு ஒட்டிப் போகவும் வேண்டாம்.

சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள். என் கூட ஓட்டிய ஒருவருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்தது, நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். மேல் ஹோஸை வெறும் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகுதான் மூடி. அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். கொதிக்கிற எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்:

தம்பி, ரேடியேட்டர், கேஸ்கெட் எதற்கும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. 80-ல் சமமான ரோட்டில் முள் அசையவில்லை, 20-ல் ஏற்றத்தில் சூடாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேன் தேவைப்படாது. மெதுவாக ஏறும்போது ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. உள்ளே குழாய்கள் அடைத்திருந்தால் பெரும்பாலும் ஹைவேயில் வேகமாகப் போகும்போதும் முள் ஏறும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது தவறு. அது கெட்டு மூடியே இருந்தால் சூடாகும், உண்மைதான், ஆனால் அப்போது புதிது போட வேண்டும். தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ரேடியேட்டர் வழியாகக் காற்று போகாவிட்டால் சூடு எங்கே போகும்? சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்துவிடும். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நஷ்டம், எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஹீட்டர் செத்துப்போகும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏசி போட்டால் ஃபேன் உடனே ஓடுகிறதா? மதியம் பாருங்கள், காலைப் பனியில் சில வண்டிகளில் ஏசி கம்ப்ரசரே பிடிக்காது. முள் மேலே இருக்கும்போது ஹீட்டரில் வருவது சூடா, பச்சைக் காற்றா? காலையில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழ் வருகிறதா? பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஃபேன் இறக்கையைக் கையால் ஆட்டினால் லூஸாக ஆடுகிறதா? வயரைக் கழற்றாமல் கையை வைக்காதீர்கள், சாவி இல்லாமலே அது சுற்றும் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

அருவங்காட்டுக்காரன்:

அண்ணா, எல்லாம் பார்த்தேன். மதியம் 2 மணிக்கு ஏசி போட்டேன், கம்ப்ரசர் பிடிக்கும் சத்தம் வந்தது, ஃபேன் ஓடவே இல்லை. கொஞ்ச நேரம் நிற்கவைத்து முள் நடுவுக்கு மேல் போன பிறகு திடீரென்று முழு இரைச்சலோடு ஆரம்பித்தது. அப்போது ஹீட்டரில் நல்ல சூடு. குமிழ் இல்லை. இறக்கையைத் தொட்டால் முன்னும் பின்னும் ஆடுகிறது, ஒரு இறக்கையின் நுனியில் விரல் நகம் அளவுக்குத் துண்டு போயிருக்கிறது. எப்போது உடைந்தது என்று தெரியவில்லை.

ஆயில் மூடியில் இருக்கும் அந்த வெண்ணெய்தான் பயமாக இருக்கிறது.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்:

பயப்பட வேண்டாம். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) ஆயில் எப்படி இருக்கிறது? அது பழுப்பாக, தெளிவாக இருந்து மூடியின் அடியில் மட்டும் வெள்ளை இருந்தால் அது பெரும்பாலும் மலைக் குளிரின் வேலை. அருவங்காட்டிலிருந்து குன்னூர் மார்க்கெட்டுக்கும் திரும்பவும் என்று சின்னச் சின்ன ஓட்டம், எஞ்சின் முழுசாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து வெண்ணெயாகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பிறகு இன்னும் அதிகமாக வரும். கேஸ்கெட் போயிருந்தால் டிப்ஸ்டிக் ஆயிலே பால் காபி மாதிரி ஆகலாம், தண்ணீர் கணக்கில்லாமல் குறையும், எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வரும், மூடியைத் திறந்தால் குமிழ் கொப்பளிக்கும். ஊட்டியில் காலையில் எல்லா வண்டியிலும் வரும் வெள்ளைப் புகையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வெறும் நீராவி.

ஃபேனுக்கு வருகிறேன். உங்கள் வண்டி மாதிரி பலவற்றில் ஃபேனுக்கு இரண்டு வேகம். ஏசி போட்டதும், தண்ணீர் 95 டிகிரிப் பக்கம் வந்ததும் மெதுவான வேகம். அதற்கும் அடங்காவிட்டால்தான் முழு வேகம். மெதுவான வேகம் ஒரு ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைத்து விடும் பாகம்) வழியாகப் போகும், அது எரிந்துவிட்டால் அந்த வேகமே கிடையாது. சூடு நன்றாக ஏறும் வரை ஃபேன் சும்மா நிற்கும், அப்புறம் ஒரேயடியாக முழு வேகத்தில் பாயும். நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான். நுனி உடைந்த இறக்கை சமநிலை இல்லாமல் சுற்றிச் சுற்றி மோட்டார் புஷ்ஷை (தண்டைத் தாங்கும் வளையத்தை) தின்றிருக்கும், கடகட சத்தம் அங்கிருந்து. சூடும் சத்தமும் இரண்டு வியாதி இல்லை தம்பி.

முன்பக்க பம்பரைக் கழற்றி, ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் அதே மாதிரி இருக்கும் ஏசியின் பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் மட்டும்தான் தெரியும், சுத்தமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கேத்தி வாத்தியார்:

இரண்டு வார்த்தை நானும் சொல்கிறேன், பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். மலை மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் கொதிக்கும் சூடும் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூர் 1,850 மீட்டர், சுமார் 94. அதனால்தான் இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக மாட்டேன் என்கிறது. ரேடியேட்டர் மூடி செய்வதும் குக்கர் வேலைதான். அதன் மேல் 0.9 என்று (பார் கணக்கில், கடல் மட்டக் காற்றழுத்தம் சுமார் 1 பார்) எழுதியிருந்தால் வெளிக்காற்றை விட அவ்வளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும், குன்னூர் உயரத்தில்கூட வெறும் தண்ணீரை 115 டிகிரிப் பக்கம் வரை கொதிக்கவிடாது. கூலன்ட் (உறைவதையும் துருவையும் தடுக்கும் திரவம்) கலந்தால் இன்னும் சில டிகிரி.

இப்போது மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 டிகிரியில் ஓட வேண்டிய ஃபேன் ஓடுவதற்கு முன்பே, குன்னூரில் தண்ணீர் 94-ல் கொதிக்க ஆரம்பித்துவிடும். கோவையில் பிடிபடாத இந்தக் கோளாறு மேலே வந்தால் காட்டிக்கொடுக்கும். மூடியைப் புதிதாக மாற்றிவிடுங்கள், பழைய மூடியில் இருக்கும் அதே எண் இருக்க வேண்டும். கூடுதல் எண் போட்டால் நல்லது என்று போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

இன்னொன்று, மலை ரயிலின் நீராவி எஞ்சின் கல்லாறு, ஹில்குரோவ் என்று நின்று நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, நம் காரும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நீராவியை வெளியே விடும் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். காரில் இருப்பது மூடிய சுற்று. ஒவ்வொரு முறையும் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படியும், இரும்பு துருப்பிடிக்கும், அந்தச் செம்மண் நிறம் துருதான். டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெறும் தண்ணீரோடு வண்டியை வெளியே நிறுத்துவதும் ஆபத்து.

அருவங்காட்டுக்காரன்:

சார், அண்ணா, நண்பரே, எல்லோருக்கும் நன்றி. டிப்ஸ்டிக் ஆயில் தெளிவாகவே இருந்தது. நேற்று குன்னூரில் தெரிந்த ஒரு தம்பியின் ஷெட்டில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினோம்.

பம்பரை எடுத்து, கண்டன்சரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஏசி கேஸ் பைப் நெளியாமல் இரண்டு விரல் அளவு முன்னால் இழுத்துப் பார்த்தால், ரேடியேட்டர் கண்ணுக்கே தெரியவில்லை. சில்வர் ஓக் சருகு, பூச்சிகள், ரோட்டுத் தூசி, பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று, எல்லாம் ஈரத்தில் அமுங்கி ஒரு கம்பளி போல ஒட்டிக் கிடந்தது. ஓரத்தைப் பிடித்து உரித்தேன், கிழியாமல் ஒரே பட்டையாக வந்தது, அதன் உள்பக்கத்தில் ரேடியேட்டர் ஃபின்களின் (மெல்லிய தகடுகளின்) வரி அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. வீட்டு வாசலில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், அதன் அடியில்தான் எட்டு வருடமாக வண்டி நிற்கிறது.

மீதியைப் பிரஷ்ஷாலும் மெதுவான தண்ணீராலும் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ளிக் கழுவினோம். பிரஷர் வாஷ் அடித்தால் ஃபின் மடங்கிவிடும் என்று அந்தத் தம்பி விடவில்லை. ரெசிஸ்டர் எரிந்துதான் இருந்தது, கம்பி கறுத்து அறுந்திருந்தது. ஃபேன் மோட்டாரும் இறக்கையும் சேர்த்துப் புதிது. தெர்மோஸ்டாட் புதிது, கம்பெனி சொன்ன அதே டிகிரி. மூடி புதிது, பழையதன் ரப்பர் சார் சொன்ன மாதிரியே வெடித்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓடவிட்டு வடித்து, ஐந்தாவது முறைதான் தெளிவாக வந்தது. அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. மொத்தம் 7,150 ரூபாய், கூலியோடு.

ரேடியேட்டரில் ஒழுகல் இல்லை, பழையதே இருக்கிறது.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்:

நல்லது தம்பி. ஏர் லாக் (தண்ணீர் வழியில் மாட்டிக்கொண்ட காற்று) எடுத்தீர்களா? உங்கள் ஊரில் மேட்டுக்குப் பஞ்சமில்லை, முன்பக்கம் மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். மூடி வாய் உயரத்தில் இருந்தால் காற்று தானாக அங்கே வந்து வெளியேறும். மட்டம் இறங்க இறங்க அதே கலவையை ஊற்றுங்கள். கையைத் தள்ளி வையுங்கள், பொங்கும்.

கோத்தகிரி அக்கா:

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். என் வண்டியிலும் சாவி எடுத்த பிறகு ஃபேன் ஓடுகிறது, ஆனால் சூடெல்லாம் ஆவதில்லை. நேற்று காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. இது சாதாரணம்தானா?

மேட்டுப்பாளையம் மெக்கானிக்:

ஏற்றம் ஏறி வந்து நிறுத்திய பிறகு சில நிமிடம் ஓடினால் சாதாரணம். இரவெல்லாம் ஆறிய வண்டியில் காலையில் ஓடுவது சாதாரணம் இல்லை, ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கும், பேட்டரியைக் காலி செய்துவிடும். ஃப்யூஸ் பெட்டியில் அந்த ரிலேயைப் பிடுங்கிப் பாருங்கள், ஃபேன் நின்றால் புது ரிலே போடுங்கள், சின்னச் செலவுதான்.

அருவங்காட்டுக்காரன்:

இன்று கோவை போய் வந்தோம். அண்ணா சொன்னபடி வாசல் ஏற்றத்தில் நிறுத்தி ஏர் லாக் எடுத்திருந்தேன், ஒரு டம்ளருக்கு மேல் கூலன்ட் உள்ளே போனது. திரும்பும்போது பர்லியாரில் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம், ஏசி போட்டே வந்தேன், முள் நடுவில்தான் இருந்தது. கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டேன், ஃபேன் மெதுவாக ஓடி, நின்று, திரும்ப ஓடியது. குன்னூர் தாண்டியதும் குளிர ஆரம்பித்தது, அம்மா ஹீட்டர் போடச் சொன்னார், சூடாக வந்தது. வண்டியை இனி மரத்தடியில் நிறுத்துவதில்லை, பக்கத்து வீட்டு ஷெட்டில் இடம் கேட்டிருக்கிறேன்.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்:

நாளைக் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒரு வாரம் கழித்து, அதே மாதிரி ஆறிய வண்டியில், அதே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் வாட்டர் பம்ப் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள்.