ஹெர்பிஸ் கொப்புளம் வற்றியும் ஆறாத தோல்

கேள்வி:
குளச்சலில் மீன்பிடித் தொழில் செய்யும் எனக்கு, பிறப்புறுப்பில் முதன்முறையாக ஹெர்பிஸ் (வைரஸால் வரும் கொப்புள நோய்) வந்து, அதற்கான ஏசைக்ளோவிர் மாத்திரை சாப்பிட்டு, 5 வாரங்கள் ஆகியும், தொடை இடுக்கருகே காசளவு தோல் சிவந்து, நடந்தால் வெடித்து எரிகிறது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு இரண்டு நாள் அடக்கிவிட்டுப் பிறகு கூட்டுகிறது.

பதில் 1:
அண்ணா, களிம்புக் குழாயில் குளோபெட்டசால் என்றிருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த ஸ்டீராய்டு தோலை மெலியவைத்துப் புண்ணை ஆறவிடாது. உப்புநீரில் நனைந்த துணியோடு இருக்காமல், நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் பூசி, தளர்வான பருத்தித் துணி உடுத்துங்கள்.

பதில் 2:
முதல் புண் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் ஆறிவிடும் என்பதால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டி, எச்.ஐ.வி., சிபிலிஸ், சர்க்கரை பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள், தம்பி.

கேட்டவர்:
குழாயில் அதே பெயர்தான் இருக்கிறது. நாளை காலையே ஆசாரிபள்ளம் போகிறேன்.