குடும்பக் குழு: கப்பல் பயணமும் மூன்று சீட்டும்

பெரிய மாமா: வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுகிறோம். இரண்டாம் இரவு கேசினோ தளத்தில் மூன்று சீட்டு போக்கர் மேசை திறந்திருக்கும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். யார் யார் உட்காரப் போகிறீர்கள் என்பதை இன்றே சொல்லிவிட்டால், சில்லு வாங்கப் பயணப் பொதுப்பணத்தில் எவ்வளவு ஒதுக்குவது என்று முடிவு செய்துவிடலாம்.

வசந்தி அத்தை: பொதுப்பணத்திலிருந்து ஒரு காசும் கூடாது.

அருண்: நான் உட்காருகிறேன். நாம் வீட்டில் ஆடும் அதே மூன்று சீட்டுதானே, மாமா?

சேகர் சித்தப்பா: அதே ஆட்டம் இல்லை, அருண். பொறு, விளக்கமாக எழுதுகிறேன்.

மீனா: போச்சு.

மீனா: சேகர் மாமா பத்து நிமிடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.

சேகர் சித்தப்பா: இதை 1994-இல் டெரிக் வெப் என்ற ஆங்கிலேயர் உருவாக்கினார். பக்கத்தில் இருப்பவரோடு இங்கே போட்டி கிடையாது. ஒவ்வொருவரும் கேசினோவுக்காகச் சீட்டுப் போடும் டீலரோடு மட்டுமே மோதுகிறோம் என்பதால், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு எதிராளியை மிரட்டும் வித்தை எதுவும் பலிக்காது. முதலில் ஆன்டி என்ற பந்தயத்தை வைக்க வேண்டும்.

வசந்தி அத்தை: யாரை ஆன்டி என்கிறீர்கள், தம்பி?

சேகர் சித்தப்பா: பந்தயத்தின் பெயர், அக்கா. அதை வைத்தபின் உங்களுக்கு மூன்று சீட்டும் டீலருக்கு மூன்று சீட்டும் வரும். உங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, ரம்மியில் ஸ்கூட் விடுவது போல ஆன்டியை இழந்து விலகலாம். இல்லையென்றால் அதே அளவுக்கு இன்னொரு பந்தயம் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். இந்த இரண்டாவது பந்தயத்துக்கு பிளே என்று பெயர். பிறகு டீலர் தம் சீட்டைத் திறப்பார். அவரிடம் ராணியோ அதற்கு மேலோ இல்லையென்றால் அவருக்கு ஆடும் தகுதி இல்லை. அப்போது ஆன்டிக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், பிளே பந்தயம் அப்படியே திரும்பி வரும். தகுதி இருந்து நீங்கள் வென்றால் இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று, தோற்றால் இரண்டும் போகும்.

பெரிய மாமா: அந்த விதிதான் என்னை ஏமாற்றியது! போன முறை என் கையில் மூன்று பத்து. ஐந்து சில்லு ஆன்டி, ஐந்து சில்லு பிளே. டீலர் திறந்தால் ஜாக்கி, 9, 4. அள்ளிக்கொண்டு வரலாம் என்று கையை நீட்டினேன். பிளே பந்தயத்துக்கு ஒரு சில்லுகூடத் தரவில்லை.

மீனா: அந்த இரவு முழுக்க அப்பா டீலரோடு வாதாடினார், நாங்கள் இரண்டு நாற்காலி தள்ளி யாரோ போல உட்கார்ந்திருந்தோம்.

சேகர் சித்தப்பா: மச்சான், உங்களுக்கு ஆன்டிக்கு ஐந்தும், போனஸாக இருபதும் தந்திருப்பார்களே. மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் ஆன்டியைப் போல நான்கு மடங்கு போனஸ். டீலருக்குத் தகுதி இல்லாவிட்டாலும், ஏன், டீலரே வென்றாலும் அது உண்டு. வழக்கமான பட்டியலில் எண்கள் அடுத்தடுத்து வரும் வரிசைக்கு ஒரு மடங்கு, ஒரே இனத்து வரிசைக்கு ஐந்து.

பெரிய மாமா: இருபது தந்தார்கள். அது வேறு கணக்கு.

வசந்தி அத்தை: அந்த இருபதும் அன்றிரவே எங்கே போனது என்பதையும், அடுத்த வாரம் என் வளையல் எங்கே போனது என்பதையும் எழுதுங்களேன்.

பெரிய மாமா: வளையல் திரும்பி வந்துவிட்டது.

வசந்தி அத்தை: ஒன்று வந்தது.

அருண்: ஒரே இனத்து வரிசைக்கு ஐந்து, மூன்றும் ஒரே எண் என்றால் நான்கா? தலைகீழாக இருக்கிறதே, சித்தப்பா.

சேகர் சித்தப்பா: நல்ல கேள்வி. வீட்டில் மூன்று ஒரே எண்தான் உச்சம். ஆனால் 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்று ஒரே எண் 52 முறையும், ஒரே இனத்து வரிசை 48 முறையும்தான் வரும். அரிதானது மேலே நிற்கிறது. அதே கணக்கில் வரிசை 720, வரிசையாக இல்லாமல் மூன்றும் ஒரே இனமாக வரும் வெறும் கலர் 1,096. ஆகவே ஐந்து சீட்டு போக்கரில் கலருக்குக் கீழே இருக்கும் வரிசை இங்கே கலரை வெல்கிறது.

மீனா: எப்போது ஆடுவது, எப்போது விடுவது? அதை மட்டும் சொல்லுங்கள், மாமா.

சேகர் சித்தப்பா: ராணி, 6, 4. அல்லது அதற்கு மேல். அவ்வளவுதான்.

மீனா: இவ்வளவு சுருக்கமாகவா!

சேகர் சித்தப்பா: சீட்டை விட்டுவிட்டால் ஒரு சில்லு நிச்சயமாகப் போகும். ஆடினால் சராசரியாக ஒன்றுக்குக் குறைவாகப் போகுமா என்பதுதான் கேள்வி, அந்தக் கோடு ராணி-6-4-இல் விழுகிறது. முதலில் பெரிய சீட்டைப் பார். ராஜாவோ ஆஸோ, ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் யோசிக்காமல் ஆடு. ராணி என்றால் இரண்டாவதைப் பார். 7 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாவது வெறும் 2 ஆனாலும் ஆடலாம். இரண்டாவது 6 என்றால் மட்டுமே மூன்றாவதைப் பார்க்கும் வேலை. இதைப் பிசகாமல் கடைப்பிடித்தாலும் நூறு சில்லு ஆன்டிக்குச் சராசரியாக 3.37 சில்லு கேசினோவுக்குப் போகும்; சீட்டைப் பார்க்காமலே எல்லாக் கையையும் ஆடினால் அது 7.65 ஆகிவிடும்.

பெரிய மாமா: பேர் பிளஸ் என்று பக்கத்தில் தனிப் பந்தயம் வைக்க இன்னொரு வட்டம் இருக்குமே. நாற்பது மடங்கெல்லாம் தருவார்கள்.

சேகர் சித்தப்பா: ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் டீலரின் கையைப் பொருட்படுத்தாமல் தருவார்கள். ஆனால் 22,100-இல் 16,440 கைகளில் ஒன்றுமே இராது. நான்கில் மூன்று முறை போய்விடும். உட்காருமுன் மேசையில் அச்சிட்ட பட்டியலில் கலருக்கு என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். ஒரே இனத்து வரிசை, மூன்று ஒரே எண், வரிசை, கலர், ஜோடி என்ற வரிசைப்படி 40, 30, 6, 4, 1 மடங்கு என்று இருந்தால் கேசினோவின் பங்கு 2.32 சதவீதம். கலருக்கான அந்த நான்கு மூன்றாக இருந்தால் 7.28.

வசந்தி அத்தை: ஒரே ஒரு எண்ணிலா இவ்வளவு?

சேகர் சித்தப்பா: ஆமாம், அக்கா. கலர் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதே.

வசந்தி அத்தை: அப்படியானால் அந்தப் பட்டியலை நான்தான் பார்ப்பேன். மூன்று என்றால் அந்த வட்டத்தில் யாரும் வைக்கக் கூடாது.

மீனா: அம்மாவும் மேசைக்கு வருகிறாரா?!

வசந்தி அத்தை: பின்னால் நிற்பேன்.

பெரிய மாமா: நல்லது. ஆளுக்கு 30 சில்லு, பொதுப்பணத்திலிருந்து.

வசந்தி அத்தை: 15. அவரவர் பணம்.

பெரிய மாமா: பாதிப் பாதியாக வைத்துக்கொள்வோமா? நாளை பேசலாம்.

அருண்: சித்தப்பா, ராணி, 5, 4 வந்தால்?

மீனா: ஸ்கூட்.

அருண்: ராணி, 6, 3?

வசந்தி அத்தை: விட்டுவிடு, அருண்.